ரோஸி வளர்த்த பேய்

"ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவ நீ. பேய் கீதுன்னு சொல்றியே, வெக்கமா இல்ல?"

வடக்குப்பட்டில் விறகு பொறுக்கப் போகும் பெண்கள் எல்லோருக்கும் மனசுக்குள் இந்தக் கேள்வி உண்டு. சுந்தராம்பாள்தான் வாய்விட்டுக் கேட்டாள்.

ரோஸி தலைக்குச் சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "கீதுன்னா கீது. அந்தப் பக்கம் போவாதீங்க."

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தொண்ணு பொறந்தாச்சி. இன்னும் பேயாம்!"

ரோஸி விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

காடு என்று பேர்தான். முக்கால்வாசி வெறும் வேலிக்காத்தான் முள். ஒரு கட்டு சுள்ளி சேர்ப்பதற்குள் கையெல்லாம் கீறல். நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் புங்கமும் வேம்பும் கொடுக்காப்புளியும் நெருக்கியடித்து வளர்ந்திருந்தன. காய்ந்த கிளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கின. 'அங்க மட்டும் யாரு தண்ணி ஊத்தறாங்க?' என்று ஒருத்தி கேட்பாள். 'ரோஸியோட பேய்தான்' என்று இன்னொருத்தி சிரிப்பாள். சிரித்துவிட்டு எல்லோரும் சுற்றுவழியில்தான் போவார்கள்.

சுந்தராம்பாளுக்கு அந்தச் சுற்றுவழிதான் எரிச்சல். பகலெல்லாம் குவாரியில் ஜல்லி உடைக்கிறாள். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும்போது விறகுக்காக அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். அதுவும் பேய்க்குப் பயந்து! அவள் புருஷன் முனிரத்தினம் கறுப்புச் சட்டைக்காரர். பேயும் இல்லை, பிசாசும் இல்லை என்று ஊர் ஊராக மேடை ஏறிப் பேசுகிறவர். அவர் பெண்டாட்டியே ஒதுங்கிப் போனால் ஊர் சிரிக்காதா?

சனிக்கிழமை காலையில் மகள் கங்கா ஒரு சேதி கொண்டுவந்தாள்.

"யம்மா, ரோஸி பெரிம்மா அந்த மரத்துக்குள்ளேர்ந்து வந்துச்சி. கையில வெட்டுக்கத்தி!"

சுந்தராம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓகோ! நமக்கெல்லாம் பேய், அவளுக்கு மட்டும் விறகா?"

நேரே குழாயடிக்குப் போய்ப் போட்டு உடைத்தாள். குடத்தோடு நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள். கோலி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் கூப்பிட்டாள்.

"பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாளைக்கு லீவுதானே? எல்லாரும் அங்கியே போயி விறகு பொறுக்கினு வாங்க. கொடுக்காப்புளியும் கொட்டிக் கெடக்குது."

பிள்ளைகள் குதித்தன.

குவாரியில் அன்று அரை நாள் வேலைதான். மத்தியானமே கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினாள். முள்ளை விலக்கி நடந்தபோது காலடியில் மண் மேடு தட்டியது. நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. வரப்பு! காட்டுக்குள் வரப்பு எதற்கு என்று யோசிக்கவெல்லாம் அவளுக்குத் தெம்பில்லை. அதன் மேலேயே நடந்து புங்க மரத்தடிக்கு வந்தாள். எதிரே முள் குவியல். அதைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

பின்னாலிருந்து முந்தானையை யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். மல்லாக்க விழுந்தாள்.

ரோஸி! ஒரு கையில் கத்தி, காலடியில் புதிதாக வெட்டிய முள் கிளைகள்.

"வசமா மாட்டிக்கினியா? திருட்டுத்தனமா விறகு..." விழுந்த இடத்திலிருந்தே கத்தினாள் சுந்தராம்பாள்.

ரோஸி ஒரு கல்லை எடுத்து முள் குவியலுக்குள் போட்டாள். சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, ரொம்பக் கீழே, 'தொப்' என்றது.

சுந்தராம்பாள் உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்தாள்.

"கெணறா?"

"இது காடா ஆவறதுக்கு முன்ன கழனி. எங்க மாமனாரு இந்தக் கெணத்துலதான் மாடு பூட்டி எறச்சாரு. மழையில்லாம போட்டுட்டுப் போய்ட்டாங்க. அப்புறம் முள்ளு மூடிக்கிச்சி. அடியில ஊத்து இன்னும் கீது, அதான் இங்க மட்டும் மரம் இப்டி நிக்குது."

"பஞ்சாயத்துல சொல்லி மூடச் சொல்றது?"

"சொன்னேன். அது காடு, காட்டு ஆபீசுல சொல்லுன்னாங்க. அங்க போனா, காட்டுல ஏதும்மா கெணறுன்னாங்க. நடந்து நடந்து காலுதான் தேஞ்சிது. முள்ளை வெட்டி வெட்டி மூடறேன். கரையான் தின்னுது. திரும்பியும் வெட்டறேன்."

"கெணறு கீதுன்னு ஊர்ல சொல்லியிருக்கலாமேக்கா! எதுக்குப் பேயி?"

ரோஸி முள்ளைப் பரப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அலுப்பு முகமெல்லாம் அப்பியிருந்தது.

"நீ இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்ன, மொதல்ல அதான் சொன்னேன். மறுநாளே பசங்க கூட்டமா வந்து, கல்லு போட்டு ஆழம் பாத்துகினு நிக்குதுங்க. கெணறுன்னா எட்டிப் பாக்கும். பேயின்னாதான் ஓடும்."

சுந்தராம்பாள் அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா... பேய் இல்லேன்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு எல்லாம் இங்கதான் வருது."

ரோஸி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இனிமே நான் இன்னா சொன்னாலும் நம்பாதுங்க."

அன்று விளக்கு வைக்கிற நேரம். கூட்டத்தில் பேசுவதற்காக முனிரத்தினம் உள்ளே கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் அவர் மனைவி, தலைவிரிகோலமாக, தெருப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"என் கண்ணால பாத்தேன்டா! வெள்ளைப் புடவை... காலு தரையில படவே இல்ல!"