கடைசித் தகுதி

"ஒரு கையெழுத்துத்தானே டொக்டர், போட்டுத் தாங்களன். பின்னேரக் கொழும்புக் கோச்சியப் பிடிக்கோணும்."

முத்தலிப் படிவத்தை மேசையில் மெல்லத் தள்ளினான். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் வேலை. முடங்கிப்போன கைகால்களை உருவிப் பயிற்சி கொடுத்து அசையவைக்கும் வைத்தியத்தை மாணவர்களுக்குக் கற்பிக்க அவனைத் தெரிவு செய்திருந்தார்கள். உடல்நலச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

இந்தத் தகுதி என்பது முத்தலிப்பைக் கண்டால் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். முதல் தரம் விண்ணப்பித்தபோது சீனியர் சோதனை பாஸ் இல்லை என்றார்கள். இருபத்தொன்பது வயதில் பள்ளிப் பிள்ளைகளோடு வாங்கில் இருந்து எழுதிப் பாஸ் பண்ணினான். இரண்டாம் தரம் போனால் சென்னையில் இரண்டு வருடப் பயிற்சி வேண்டும் என்றார்கள். மனைவி றஸீனாவையும் கைக்குழந்தையையும் காத்தான்குடியில் விட்டுக் கப்பலேறினான். திரும்பி வந்தபோது பிள்ளை மையவாடி மண்ணுக்குள் இருந்தது. காய்ச்சல் என்று றஸீனா சொன்னாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

டொக்டர் சீனித்தம்பி குழாயைக் காதிலிருந்து கழற்றினார்.

"நெஞ்சு நல்லம். கண்ணும் நல்லம். வயசு?"

"முப்பத்தஞ்சாக இன்னும் பதினெட்டு நாள் இரிக்கு. அது தாண்டினா எடுக்க மாட்டாங்க."

"எல்லாத் தகுதியும் இரிக்குத்தானே. பிறகென்ன பயம்?"

"பழக்கம் டொக்டர். ஒவ்வொருக்காவும் வாசல் மட்டும் போவன். அங்க வச்சி ஒண்டு குறையுது எண்டுவாங்க." முத்தலிப்பின் குரல் இறங்கியது. "இந்தமுறையும் அப்பிடி எண்டா, றஸீனாட முகத்தில முழிக்க ஏலாது. புள்ளயக் குடுத்து வாங்கினது அந்த மெட்ராஸ் சேட்டிபிக்கட்."

டொக்டர் பேனாவைத் திறந்தார். படிவத்தைப் பிடித்திருந்த அவன் கை கண்ணில் பட்டது.

"சுண்டுவிரலுக்குக் கீழ இதென்ன கொப்புளம்?"

"வெந்நித்துணி பட்டது. மத்தவங்க குறட்டால தூக்கிற துணிய நான் வெறுங்கையால பிழிவன். மெட்ராசில எங்கட ஆசிரியரே அதிசயப்பட்டவர்." அன்றைக்கு முதல் தடவையாக அவன் பேச்சில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"ஒண்டு ஒண்டரை வருசம் இரிக்கும். ஏன், அதுக்கும் சேட்டிபிக்கட் வேணுமா?"

டொக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு மேசை லாச்சியைத் திறந்தார்.

"கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டுங்க. நான் தொடக்குள்ள எந்த விரலெண்டு சொல்லுங்க."

இது ஒரு சோதனையா என்று முத்தலிப்புக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. கண்ணை மூடினான்.

"பெருவிரல்," என்றான். "சுட்டுவிரல். நடுவிரல்."

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வாவிப்பக்கம் யாரோ தோணிக்காரனைக் கூப்பிட்டார்கள். றஸீனா இந்நேரம் பெட்டியைக் கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். ஐந்து வருடத்தில் இன்றைக்குத்தான் மனம் சற்று ஆறியது.

"மிச்சம் ரெண்டு விரலையும் தொடுங்க டொக்டர், நேரமாகுது."

பொறுக்காமல் கண்ணைத் திறந்தான். மோதிரவிரலில் ஒரு துளி இரத்தம் நின்றது, சுண்டுவிரலில் ஊசி குத்தியபடியே இருந்தது. டொக்டர் தலையை நிமிர்த்தாமல், வாவிக்கு நடுவே இருக்கும் மாந்தீவுத் தொழுநோய் ஆசுப்பத்திரிக்கு அவனுடைய பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.