எதிர் மூலை

மணி அடித்தும் அவன் கண் எதிர் மூலையை விட்டு நகரவில்லை.

அங்கே கயிற்றுக்கு வெளியே, அவனுக்குக் குத்துச்சண்டை சொல்லித்தந்த லாரன்ஸ் மாஸ்டர் நின்றிருந்தார். தீர்த்தகிரியின் பெயர் பொறித்த சட்டை போட்டிருந்தார். அது அவருக்குத் தோளில் தொளதொளத்தது.

“டேய், இங்க பாரு” என்று பின்னாலிருந்து பயஸ் முதுகில் தட்டினார். “சண்ட அங்க இல்ல. நடுவுல.”

அவன் நடுவுக்குப் போனான்.

தீர்த்தகிரி காத்திருந்தான். மலை மாதிரி.

போன ஆவணியில் இதே மேடையில்தான் தீர்த்தகிரி அவன் தாடையை உடைத்தான். ஆஸ்பத்திரியில் மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டினார்கள். மாஸ்டர் தினமும் வந்தார். கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஸ்ட்ரா வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மற்றவர்கள் பேசினார்கள். மாஸ்டருக்கு வயதாகிவிட்டது. அவர் சொல்லித் தருவதெல்லாம் அந்தக் காலத்துச் சண்டை. தீர்த்தகிரியோடு மறுபடி மோத வேண்டுமென்றால் ஆளை மாற்று.

அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. கேட்டுக்கொண்டே படுத்திருந்தான்.

கம்பியைக் கழற்றிய அன்று அவன் முதன்முதலில் பேசியது பயஸிடம்.

மாஸ்டரிடம் சொல்லவே இல்லை. மறுபோட்டியின் போஸ்டரில் பயிற்சியாளர் என்ற இடத்தில் பயஸின் பெயரைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். அடுத்த வாரமே அவரைத் தங்கள் பக்கம் அழைக்க தீர்த்தகிரியின் ஆட்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

அவர் போவார் என்று அவன் நினைக்கவில்லை.

முதல் ரவுண்டு அவனுடையது.

பயஸ் சொல்லிக்கொடுத்தபடியே செய்தான். ஓர் இடத்தில் நிற்கவில்லை. இடது கையால் தொட்டான், விலகினான். தொட்டான், விலகினான். தீர்த்தகிரியின் பெரிய குத்துகள் காற்றில் போயின. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது.

எதிர் மூலையில் சத்தமே இல்லை. மாஸ்டர் கயிற்றில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ரவுண்டில் அந்தக் குரல் வந்தது.

“எடது கைய நீட்டிட்டு கீழ போடுவான். அப்ப அடி!”

அவனுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த குறை அது.

அடுத்த முறை இடது கையை நீட்டியபோது அந்தக் குறை அவன் நினைவில் இருந்தது. திரும்ப எடுப்பதற்குள் காதோரம் வெடித்தது. தரை சாய்ந்தது. காலை அகட்டி எப்படியோ நின்றுகொண்டான்.

“மூச்சு வாங்குறான். ஒடம்புல அடி!”

விலாவில் விழுந்தது.

“இப்ப சோத்தாங்கைப் பக்கம் ஓடுவான். மறி!”

ஓடினான். தீர்த்தகிரி மறித்தான்.

மணி அடித்ததும் ஸ்டூலில் சரிந்தான். பயஸ் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

“அந்தாளு கத்துறத காதுல வாங்காத. என் குரல மட்டும் கேளு. கேக்குதா?”

தலையசைத்தான். பயஸின் உதடுகள் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை.

மூன்றாம் ரவுண்டில் கால் கனத்தது.

தீர்த்தகிரி அவனைக் கயிற்றுக்குத் தள்ளிக்கொண்டு போனான். முதுகில் கயிறு அழுத்தியது. கிளவுஸ் இரண்டையும் முகத்துக்கு முன் தூக்கிவைத்துக்கொண்டான். அவற்றின் மேலேயே அடி விழுந்துகொண்டிருந்தது. ஒன்று நடுவில் நுழைந்து தாடையைத் தொட்டது. ஒட்டிய எலும்புக்குள் ஏதோ நறுக்கென்றது.

கை தானாக இறங்கியது.

பயஸ் கத்திக்கொண்டிருந்தார். கூட்டமும் கத்தியது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் இருந்தது.

தீர்த்தகிரியின் வலது தோள் பின்னால் போவதைப் பார்த்தான். போன ஆவணியிலும் இதே தோள் இப்படித்தான் போனது.

“குனி!”

குனிந்தான்.

அந்தக் குரலுக்கு முன்னால் அவன் உடம்பு ஒருநாளும் யோசித்ததில்லை.

கிளவுஸ் தலைமுடியை உரசிக்கொண்டு மேலே போனது. முழு பலத்தையும் அதில் போட்டிருந்த தீர்த்தகிரி முன்னால் சாய்ந்தான். அவன் வலது விலா கண்ணுக்கு நேராகத் திறந்து கிடந்தது. கீழேயிருந்து எழுந்துகொண்டே இடது கையால் குத்தினான்.

தீர்த்தகிரி விழவில்லை. முதலில் நின்றான். ஆச்சரியப்பட்டவன்போல வாயைத் திறந்தான். பிறகு ஒரு முழங்காலில் உட்கார்ந்தான். பிறகு இரண்டிலும்.

நடுவர் எண்ணி முடிக்கும்வரை எழவில்லை.

அரங்கம் அதிர்ந்தது. பயஸ் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து அவனை இடுப்போடு தூக்கினார். “பாத்தியா! பாத்தியாடா! நான் சொல்லிக்குடுத்தது!”

அவர் தோளுக்கு மேலே அவன் எதிர்ப்பக்கம் பார்த்தான்.

மாஸ்டர் மண்டியிட்டு, தீர்த்தகிரியின் வாயிலிருந்து பல்காப்பை எடுத்துக்கொண்டிருந்தார். நெற்றியைத் துடைத்தார். தீர்த்தகிரி மூச்சு வராமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான்.

“நான்தான அடிச்சிட்டு இருந்தேன்” என்றான். “யார மாஸ்டர் குனியச் சொன்னீங்க?”

மாஸ்டர் துடைப்பதை நிறுத்தவில்லை.

நடுவர் அவன் கையைப் பிடித்து உயர்த்தினார். கேமராக்கள் மின்னின. கை கீழே வந்ததும் அவன் பயஸை விலக்கிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தான். தீர்த்தகிரி அவன் வருவதைப் பார்த்தான். பிறகு மாஸ்டரைப் பார்த்தான்.

மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை. நில் என்பதுபோல் உள்ளங்கையை மட்டும் அவன் பக்கம் நிமிர்த்திக் காட்டினார்.

அவன் அங்கேயே நின்றுவிட்டான்.