மூலையில் ஒரு முத்திரை

“ஊருக்கெல்லாம் அன்னைக்கு வந்த தபால அன்னைக்கே குடுக்குதுங்க இந்தப் புள்ள. எனக்கு மட்டும் மறுநா!”

மாதேஸ்வரன் போட்ட சத்தத்தில் தபால் ஆபீஸ் வரிசையே திரும்பிப் பார்த்தது. தபால்காரம்மா பிரபா தலைகுனிந்து நின்றாள்.

மாதேஸ்வரன், குமாரபாளையத்தில் விசைத்தறி மேஸ்திரி. பதக்கமும் நட்சத்திரமும் போட்ட தபால்தலை என்றால் அவருக்கு உயிர். விழாவுக்கு அச்சடிக்கும் பகட்டெல்லாம் வேண்டாம். அந்தந்த நாட்டில் அன்றாடம் ஒட்டுகிற சாதாத் தபால்தலைதான் வேண்டும். அதற்காகவே ஏழெட்டு நாட்டில் கடித நண்பர்கள்.

“தீபாவளிக்குப் பலகாரம் குடுக்கலீன்னு கடுப்புங்க சார். எட்டு மாசமாத் தேடுன பதக்கத் தலை. இன்னைக்குக் காலையிலயே வந்துருச்சுன்னு போன்ல காட்டுது. எங்க அது?” எழுதி வந்த புகாரைப் போஸ்ட்மாஸ்டரின் மேஜையில் வைத்தார் மாதேஸ்வரன்.

“பிரபாவுக்கு வேலை நிரந்தரமாகற நேரமுங்க,” என்றார் போஸ்ட்மாஸ்டர். “புகார் போனா கெட்டுப்போயிரும். யோசிச்சுக்கங்க.”

“போகட்டுங்க! இந்தாங்க சாட்சி. இந்தக் கவரு புதன்கிழமை வந்துச்சுன்னு போன் காட்டுச்சு, வியாழக்கிழமைதான் கைக்கு வந்துச்சு.”

அவர் நீட்டிய பழைய கவரை போஸ்ட்மாஸ்டர் உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா பிரபா, வெளிநாட்டுத் தலை மேல நம்மூரு முத்திரை எப்படி வந்துச்சு?”

“அனுப்பற நாட்டுல முத்திரை படாமயே சிலது வந்துருதுங்க சார். அப்படி வந்தா, தலையை மறுபடி ஒட்டாம இருக்கப் பேனாவுல கோடு கிழிச்சுத்தானே குடுக்கோணும்? போன ஆடியில கிழிச்சேனுங்க. இந்த அண்ணன் அதைப் பார்த்து, தலை கெட்டுப்போச்சேன்னு கண்ணு கலங்கிட்டாருங்க. எனக்கு மனசு கேக்கல. காலையில முத்திரைக்குப் புது மை போடறதால அப்பிக்கும். சாயங்காலம் மை மங்குன பொறவு மூலையில லேசா முத்திரை வெச்சு, மறுநா குடுக்கறேனுங்க. தப்புத்தானுங்க.”

மாதேஸ்வரன் கவரைப் பிடுங்கிப் பார்த்தார். நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று லென்ஸ் வைத்து எண்ணுகிறவர், முத்திரையில் இருந்த தன் ஊர்ப் பெயரை ஒரு நாளும் படித்ததில்லை. பேனாக் கீறல் இல்லாமல் வருவது தன் ராசி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது வேறு ஞாபகம் வந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

“எம் புகாரைத் திருப்பிக் குடுத்துருங்க சார்,” என்றார்.

போஸ்ட்மாஸ்டர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். “ஆனா இனிமே சட்டப்படி பேனாக் கோடுதான், பிரபா. இன்னைக்கு வந்ததை எடும்மா.”

பிரபா பையிலிருந்து கவரை எடுத்தாள். முத்திரை படாத புதுப் பதக்கம். பேனாவைத் திறந்தாள், கை போகவில்லை. மாதேஸ்வரனைப் பார்த்தாள்.

“இங்க குடு அம்மிணி.”

எட்டு மாதம் தேடிய பதக்கத்தின் குறுக்கே மாதேஸ்வரனே கோடு கிழித்தார்.