கோபக்காரன் வருகிறான்

“அவனுக்கு ஆயுசு அதிகம் போனா மூணு வருஷம்தான். தெரிஞ்சேதான் சரின்னு சொல்லிட்டேன்டி.”

பால்கனியில் நின்று மகள் தோழியிடம் போனில் இப்படிச் சொன்னதும், உள்ளே அச்சுத் தாளில் ஓடிக்கொண்டிருந்த சிவப்புப் பேனா அப்படியே நின்றுவிட்டது. பேனாவுக்குச் சொந்தக்காரர் கொம்பு சார், அச்சகத்தில் பிழை திருத்துகிறவர்.

தலையில் ஒன்றும் முளைத்திருக்கவில்லை. எழுத்தில் யாராவது கொம்பை விட்டுவிட்டால் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார், அதனால் வந்த பேர். ‘ன்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ர்’ உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“சரியான கோபக்காரன். இன்னொரு ஆம்பளையைக் கண்டா போதும், கிழிச்சுப் போட்டுடுவான். கண்ணாடியில தன் மூஞ்சியைப் பார்த்தே சண்டைக்கு நிக்கறான்னா பார்த்துக்கோயேன்!” மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கொம்பு சார் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

“இருபத்துநாலு மணி நேரமும் தண்ணியிலதான். ஆனா சாப்பாடு துளியூண்டு போதும், கொஞ்சம் கூடப் போனா வயிறு வீங்கிடுமாம். வாரத்துல ஒரு நாள் பட்டினி போடணும்னு அவர் சொன்னார். குளிர் ஆகவே ஆகாதாம். நாளைக்கு அவரே கூட்டிட்டு வரேன்னிருக்கார்.”

இத்தனை பத்தியம் சொல்கிற ‘அவர்’ டாக்டர்தான் என்பதில் கொம்பு சாருக்குச் சந்தேகமே வரவில்லை. டாக்டரே கைத்தாங்கலாக அழைத்துவர வேண்டிய நிலைமையில் ஒரு மாப்பிள்ளை!

அடுக்களைக்கு ஓடினார். “உன் பொண்ணு ஒரு குடிகாரனைக் கட்டிக்கப் போறா! முரடன் வேற! மூணு வருஷம் தாங்கினா பெரிசாம்!”

மனைவி வெங்காயம் அரிவதை நிறுத்தவே இல்லை. “நான் எதுலயும் தலையிட மாட்டேன். நாளைக்கு நீங்களே நேர்ல பார்த்துக்கங்க” என்றாள். அவள் உதட்டோரம் என்னவோ துடித்தது. வெங்காயத்தின் வேலை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரே பெண். தோளில் போட்டு வளர்த்த பெண். கொம்பு சார் ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தார். விடிந்ததும் மகள் முன்னால் போய் நின்றார்.

“அம்மாடி, நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன். அவன் வேணாம்மா.”

“ஏன்ப்பா? அவனுக்கு என்ன, பெரிய இடமா வேணும்? என் மேஜை மேல ஒரு ஓரமா இருந்துட்டுப் போறான்.”

“மேஜை மேலயா?”

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். படத்தில் நீலமாக ஒரு மீன், பாவாடை விரித்த மாதிரி வாலை விரித்துக்கொண்டு, செவுளைப் புடைத்து முறைத்தது.

“பெட்டா மீன்ப்பா! ஃபைட்டர்னு சொல்வாங்களே, அது! ரெண்டு ஆண் மீனை ஒரே தொட்டியில விட்டா ஒண்ணை ஒண்ணு கிழிச்சுடும்.”

“மீனா!” கொம்பு சார் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். மகளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “என் வயித்துல பாலை வார்த்தேம்மா! இனிமே நீ யாரைக் கை காட்டினாலும் எனக்குச் சம்மதம். கோபம் வரக் கூடாது, தண்ணி போடக் கூடாது, மூணு வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கணும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்!”

“வார்த்தை மாற மாட்டீங்களே?”

“நான் போட்ட திருத்தத்தை நானே அடிச்சதா சரித்திரமே கிடையாது!”

வாசல் மணி அடித்தது. கண்ணாடித் தொட்டியை மார்போடு அணைத்தபடி ஓர் இளைஞன் நின்றான். அலங்கார மீன் கடை வைத்திருக்கிறானாம். உள்ளே வந்து, தொட்டியில் தண்ணீரை நிரப்பி, மீன் இருந்த தண்ணீர்ப் பையை அப்படியே அதில் மிதக்கவிட்டான்.

“ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரட்டும் சார். சட்டுனு கொட்டினா தாங்க மாட்டான். வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தி, பக்குவமா வச்சுக்கிட்டா நாலஞ்சு வருஷம்கூட இருப்பான்” என்றான். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் அவனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது.

அலமாரியை விட்டு எப்போதுமே இறங்காத பீங்கான் தட்டில் மனைவி இனிப்பு கொண்டுவந்தாள். தொட்டி கொண்டுவந்த ஆளுக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று கொம்பு சாருக்கு ஆச்சரியமாக இருந்தது.

“அவரை உட்காரச் சொல்லும்மா. அவனை நான் பார்த்துக்கறேன்” என்று மகள் தொட்டி பக்கம் போனாள்.

அந்த ‘ர்’ கொம்பு சாரின் காதில் சுருக்கென்று தைத்தது. ‘அவன்’ மீன் என்றால், நேற்று கேட்ட ‘அவர்’ டாக்டர் இல்லையே! கையில் சிவப்புப் பேனா இல்லாத குறையாக இளைஞனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

“அம்மாடி... இவர்...?”

“கோபமே வராதுப்பா, தண்ணி போட மாட்டார், ஆயுசு கெட்டி!”