போடாத ஓட்டு

"சின்னக் கடைகளுக்கான வரிச் சலுகை இந்த மாசத்தோட முடியுது. அதை நீட்டிக்க ஓட்டெடுப்பு நடந்தப்போ நம்ம உறுப்பினர் ஐயா எங்கே போயிருந்தார்? அதை மட்டும் சொல்லட்டும், நான் உட்கார்ந்துடறேன்."

வியாபாரிகள் சங்கக் கூடத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கேட்டவள் மருந்துக்கடை நடத்துகிறவள். முதல்முறையாகத் தேர்தலில் நிற்கிறாள். மேடையில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்தான் அந்தச் சட்டசபை உறுப்பினர். வயதானவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருக்கிற ஆள்.

முன்வரிசையில் அவளுடைய அப்பா. பக்கத்துத் தொகுதியின் உறுப்பினர். பெரியவருக்கு எதிர்க்கட்சி.

பெரியவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "வர முடியல. தப்புதான்," என்றார்.

"ஏன் ஐயா, அலாரம் அடிக்கலையா?"

கூடமே சிரித்தது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தையல்கடைக்காரர் ஒருவர் மட்டும் எழுந்து, நீட்டிக்கவே கூடாது என்று எதிர்த்தது உங்கள் கட்சிதானே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவள் அசரவில்லை. எதிர்ப்பவர்கள் எதிர்த்தார்கள், ஆதரிக்கிறேன் என்று சொன்னவர்தானே வராமல் போனார். அவர் வந்திருந்தால் சலுகை பிழைத்திருக்கும் என்று ஒரே போடாகப் போட்டாள். தையல்கடைக்காரர் உட்கார்ந்தார்.

காரில் ஏறியும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளைக்கே போஸ்டர் அடிக்க வேண்டும், 'தூங்கிய உறுப்பினர்' என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்றாள்.

அப்பா வண்டியைக் கிளப்பவில்லை.

"போஸ்டர் வேண்டாம்மா."

கட்சி மாறிவிட்டீர்களா என்று சீண்டினாள்.

"அந்த ஓட்டெடுப்பு என்னைக்கு நடந்துச்சுன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. கட்சி அலுவலகத்தில் கொடுத்த குறிப்பை மனப்பாடம் செய்ததோடு சரி.

"நீ ஆஸ்பத்திரியில இருந்த அன்னைக்கு."

அவள் முகம் செத்துவிட்டது. அந்த வாரத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வெளியே காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தார்கள். கண் விழித்தபோது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருந்தது. சபை நடக்கிற நாளில் அவர் எப்படி வந்தார் என்று இதுவரை கேட்கத் தோன்றவில்லை.

"ஒரு ஓட்டு குறைஞ்சாலும் தோத்துடுவோம், யாரும் நகரக் கூடாதுன்னு கட்சியில சொல்லிட்டாங்க. சபைக்கு வெளியில நின்னு அழுதுட்டிருந்தேன். அவர்தான் வந்து என்னன்னு கேட்டார். சொன்னேன். 'நீங்க பொண்ணுகிட்ட போங்க. உங்க ஓட்டுக்கு ஈடா நானும் உள்ளே போகல, கணக்கு சரியாயிடும்'னார். எதிரெதிர்க் கட்சி உறுப்பினர்களுக்குள்ள அப்படி ஒரு வழக்கம் உண்டு. எழுத்துல கிடையாது, வாய்ச்சொல்தான்."

வெளியே தெரிந்தவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான் எழுந்து சொல்லியிருக்கணும்," என்றார் அப்பா. "சொல்லல. எல்லாரும் கை தட்டினப்போ நானும் தட்டினேன்மா."

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அலாரம் என்று கேட்ட வாய் அது.

"அத்தனை பேர் சிரிச்சாங்களேப்பா. இதுதான் நடந்ததுன்னு அவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்பா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா, உன் குழந்தை போனதையும் சேர்த்துச் சொல்லணுமேம்மா."