நான்காம் கட்டில், முட்டிச் சுளுக்கு

செய்முறைத் தேர்வுக்காக நான்காம் கட்டிலில் இருக்க வேண்டிய முட்டிவலிக்காரர் காலையில் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டதால், அந்த இடத்தில் தவளையைப் படுக்க வைத்தார்கள்.

தவளை நோயாளி அல்ல. நான்காம் ஆண்டு மருத்துவ மாணவி. கல்லூரிக்காக மும்முறைத் தாண்டுதலில் இறங்குகிறவள், அதனால் அந்தப் பெயர். அவளுடைய செய்முறைத் தேர்வு நேற்றே முடிந்துவிட்டது. இன்று முட்டியில் கட்டோடு பேராசிரியர் முன்னால் நடந்துபோனதுதான் அவள் செய்த தப்பு.

"என்ன அது?"

"சுளுக்கு சார். மூணு வாரமாச்சு."

"நல்லதாப் போச்சு. வந்து படு."

தொட்டுப் பார்க்க அவருக்கு நேரமில்லை. வெளியே ஏழு பேர் வெள்ளைக் கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். தன் விடைக்குறிப்பில் 'முட்டிச் சுளுக்கு' என்று எழுதிக்கொண்டார்.

நோயாளிக்கு இரண்டே விதி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. பதிலுக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு.

முதல் மாணவன் வந்தான். அவள் முட்டியை மடக்கி, கீழ்க்காலை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தான். உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் லிகமெண்ட் அறுந்திருந்தால் எலும்பு நழுவி வரும். பின்தொடைத் தசையை இறுக்கிக்கொண்டால் வராது.

தவளை இறுக்கிக்கொண்டாள்.

பத்து வருஷம் மணலில் குதித்த தொடை. தூணைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்திருக்கும் அவனுக்கு. சுளுக்கு என்று சொல்லி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போனான். அடுத்த ஐந்து பேரும் அப்படியே. நடுவில் டீ வந்தது.

சனிக்கிழமை பல்கலைக்கழகப் போட்டி. அடுத்த வருஷம் வார்டு, அதற்கு அடுத்த வருஷமும் வார்டு, மைதானம் கிடையாது. கல்லூரிச் சாதனையைத் தொட அவளுக்கு இன்னும் நான்கு சென்டிமீட்டர்தான் தேவை. கட்டை இறுக்கிக் கட்டினால் தாண்டிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத நம்பிக்கை.

ஏழாவதாக வந்தது அவளுடைய அறைத்தோழி.

போன முறை இதே தேர்வில் கோட்டை விட்டவள். இந்த முறையும் விட்டால் ஜூனியர்களோடு போய் உட்கார வேண்டும். தவளையை முன்பின் பார்த்திராதவள் மாதிரி வணக்கம் சொன்னாள். குளிர்ந்த கையால் தொடக் கூடாது என்பதால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள். பிறகு மற்ற ஆறு பேரும் கேட்காததைக் கேட்டாள்.

"அடிபட்டு எவ்வளவு நேரத்துல வீங்குச்சுங்க?"

"ரெண்டு நாள் கழிச்சுங்க."

அன்றே வீங்கினால் லிகமெண்ட், மெதுவாக வீங்கினால் சுளுக்கு. அடிபட்ட அன்று சாயங்காலமே வீங்கிப்போன அந்த முட்டிக்கு வாளியில் ஐஸ் சுமந்து வந்தவள் அறைத்தோழி. வெறும் சுளுக்கு என்று தவளை சொன்னதை நம்பியவளும் அவள்தான்.

குறிப்பேட்டில் 'இரண்டு நாள்' என்று எழுதினாள். கீழ்க்காலைப் பிடித்தாள். ஆனால் இழுக்கவில்லை. தொடை கல்லாக இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரூம் சாவி உங்கிட்டயா, எங்கிட்டயா?"

தவளை யோசித்தாள். யோசித்த அந்த ஒரு நொடியில் தொடை தளர்ந்தது. எலும்பு, மேசை இழுப்பறை மாதிரி, வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அறைத்தோழி விடை சொல்லப் போன பேராசிரியரின் மேசை நாலடி தூரம்தான். எல்லாம் தவளையின் காதில் விழுந்தது.

"லிகமெண்ட் அறுந்திருக்கு சார்."

"சுளுக்கு இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

அவர் நல்ல மனுஷர். பேனாவைத் தாளில் வைக்காமல் காத்திருந்தார்.

சுளுக்குதான் என்று தலையை ஆட்டினால் போதும். அறைத்தோழி பாஸ், தவளைக்குச் சனிக்கிழமை, பேராசிரியருக்கு மதியச் சாப்பாடு. யாருக்கும் நஷ்டமில்லை. அந்தத் தலை ஆடாதா என்று தவளை பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அறுந்துதான் இருக்கு சார்."

பேனா தாளை நோக்கி இறங்கியது.

"சார், அவ சொல்றது சரி."

நோயாளி பேசக் கூடாது என்றார் அவர். தவளை கட்டிலைவிட்டு இறங்கினாள். அறையில் வைத்தால் தோழியின் கண்ணில் படும் என்று பையிலேயே சுமந்துகொண்டிருந்த ஸ்கேன் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். சனிக்கிழமை அதோடு போயிற்று. எடுத்துப் பத்தொன்பது நாள் ஆன படம் அது.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அறுந்திருந்தது. விடைக்குறிப்பில் தான் எழுதியதை அடித்துவிட்டு, அறைத்தோழிக்கு முழு மதிப்பெண் போட்டார்.

பிறகுதான் படத்தின் மூலையில் இருந்த பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார்.

விளையாட்டு அணியில் இருப்பவர்களுக்கு எடுக்கும் எந்த ஸ்கேனும் நேரே பயிற்சியாளர் கைக்குப் போய்விடும். அதனால் அன்று தவளை ஸ்கேன் அறைக்கு எடுத்துப்போனது அறைத்தோழியின் அடையாள அட்டையை. அவளிடம் கேட்கவில்லை.

"இது உன் முட்டியாம்மா?" என்று பேராசிரியர் அறைத்தோழியைக் கேட்டார்.

அறைத்தோழி அந்தப் படத்தை முதல்முறையாகப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். தன் பெயரைப் பார்த்தாள். தவளையைப் பார்க்கவில்லை.

"முட்டி அவளோடது சார். பேரு மட்டும்தான் என்னோடது."