மூக்கம்மாவின் மூன்றாவது ஆயா

வாசலில் நின்றவள் மூக்கை உறிஞ்சினாள். இது மூன்றாவது தடவை.

கதவுக்கு இந்தப் பக்கம், பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தவள் தன் மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஊரெல்லாம் தொற்று. தெருவில் ஒருவர் தும்மினால் நாலு வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்கிற காலம். இந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆயாவை வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று இன்றைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

ஏனென்றால் திங்கட்கிழமை சோப்புக் கம்பெனி திறக்கிறது. அங்கே வாசனை பார்க்கும் நாற்காலி அவளுடையது. கம்பெனி மூடிக் கிடந்த மூன்று மாதமும் அந்த நாற்காலி மேல் இரண்டு பேர் கண் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு மூக்கைப் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் போனில் சொல்லிவிட்டார்.

மூக்கென்றால் சாமானிய மூக்கில்லை. படியில் யாராவது ஏறினால், இரண்டாம் மாடிக்கு வந்து சேர்வதற்குள் அவர் முந்தின நாள் சாப்பிட்டதைச் சொல்லிவிடுவாள். கல்யாணமான மறுநாளே கணவன் சிகரெட்டை விட்டதற்குக் காரணம் காதல் என்றுதான் சொந்தக்காரர்கள் இன்னமும் நம்புகிறார்கள். கம்பெனியில் அவளுக்குப் பெயரே மூக்கம்மா.

ஆயாக்களையும் அவள் மூக்கால்தான் தேர்வு செய்தாள். போன வாரம் வந்த முதல் ஆயாவிடம் புகையிலை. அடுத்தவளிடம் பெப்பர்மின்ட்டுக்கு அடியில் இருமல் மருந்து. இருவரும் உட்காராமலே திரும்பிப் போனார்கள்.

இந்த மூன்றாமவளுக்கு ஐம்பது வயதிருக்கும். எண்ணெய் மினுங்க இழுத்து வாரிய கொண்டை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். துடைப்பக் கட்டையால் அளந்து சாக்பீஸில் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கமே, செருப்பு நுனிகூடத் தாண்டாமல் நின்றாள். துப்பாக்கி போல நெற்றிக்கு நேரே நீட்டிய தெர்மாமீட்டரும் நல்ல பிள்ளையாகத் தொண்ணூற்றேழு காட்டியது.

மூக்கம்மா நாற்பது கேள்வி எழுதி வைத்திருந்தாள். காய்ச்சல் வந்ததா, எந்த பஸ்ஸில் வந்தாள், பக்கத்து சீட்டில் யார், அவர் இருமினாரா, இருமினால் எந்தப் பக்கம் பார்த்து இருமினார். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. வீட்டில் ஆஸ்துமாக்கார அம்மா மட்டும்தான் என்றும், அந்த அம்மாவுக்காகவே தானும் கண்ட வீட்டில் கால் வைப்பதில்லை என்றும் சொன்னாள் ஆயா. சொல்லிவிட்டு மறுபடி உறிஞ்சினாள்.

நான்கு.

"ஜலதோஷமா?"

"இல்லம்மா."

"வாசனை, ருசியெல்லாம் தெரியுதா?" இது பதினேழாவது கேள்வி.

"ருசிக்குக் குறையில்ல. வாசனை... நல்லாவே தெரியுது." ஆயா எதற்கோ அரை அடி பின்னால் நகர்ந்தாள். "நானும் ஒண்ணு கேக்கலாமா? உங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

மூக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுலயா? என் மூக்குக்குத் தெரியாம ஒரு கிருமி இந்த வாசப்படிய மிதிச்சிடுமா?"

இடுப்பிலிருந்த குழந்தை நெளிந்து சிணுங்கியது. தூக்கக் கலக்கம் என்று மூக்கம்மா அதை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். ஆயாவின் கண்ணும் கூடவே இடம் மாறியது.

அந்த நேரம் பார்த்துக் கணவனின் போன். அவன் மருந்துக்கடையில் நிற்பவன். ஊரிலுள்ள இருமலெல்லாம் அவன் கவுன்டரைத் தொட்டுவிட்டுத்தான் போகும். ஆயா மூக்கை உறிஞ்சுகிறாள், பயமாக இருக்கிறது என்று இவள் கிசுகிசுத்தாள். அவன் சிரித்தான்.

"லேப் ரிப்போர்ட் கூட தப்பாப் போகும். உன் மூக்கு தப்புமா? அது என்ன சொல்லுதோ அதச் செய்."

நியாயம்தான் என்று பட்டது. கேள்வித்தாளை மடித்துவிட்டு, மாஸ்க்கை ஒரு விநாடி கீழே இறக்கி, மூக்கம்மா கோடு வரைக்கும் போனாள். கண்ணை மூடிக்கொண்டு, கம்பெனியில் செய்கிற அதே கணக்கில், மூன்று சின்ன மூச்சும் ஒரு பெரிய மூச்சும் இழுத்தாள்.

புகையிலை இல்லை. மருந்து இல்லை. பஸ் வியர்வை இல்லை. தலை எண்ணெய் வாடைகூட இல்லை. துவைத்துக் காயப்போட்ட காற்று மாதிரி, ஒன்றுமே இல்லை. பதினோரு வருஷ உத்தியோகத்தில் இத்தனை சுத்தமான மனுஷியை அவள் முகர்ந்ததே கிடையாது.

ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. நாற்காலி தப்பித்தது. கண்ணைத் திறந்து, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, முதல்முறையாகச் சிரித்தாள்.

"இன்னிக்கே சேந்துக்குங்க. உள்ள வாங்க, பாப்பாவப் புடிங்க."

குழந்தையை நீட்டினாள். ஆயா கோட்டைத் தாண்டவில்லை. படிக்கட்டுக் கைப்பிடி முதுகில் இடிக்கும்வரை பின்னால் போனாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நான் பெல் அடிச்சப்பவே பாப்பா ஆய் போயிருக்கு."

மூக்கம்மா குழந்தையை முகத்தருகே தூக்கி முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"ரெண்டு மாஸ்க் போட்ட எனக்கே வருதே, உங்களுக்கு வரலியா?"